இடுப்பெலும்புக் கணக்கு

என் மனைவி சைராகுலைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். சொல்லாமல் என்ன செய்வார்கள்? ஊரில் இன்றைக்கு மீசை வைத்திருக்கும் பாதிப் பேர் அவளிடம் காது திருகு வாங்கியவர்கள். அக்காவுக்கும் ஆசிரியைக்கும் எங்களுக்கு ஒரே சொல்தான், எஜே. தெருவில் அவள் நடந்தால் இரண்டு பக்கமும் "எஜே, எஜே" என்று குரல் கேட்கும். கூடவே நடக்கும் என்னைப் பார்த்துக் குரல் கொடுப்பவை ஆடு மாடுகள் மட்டும்தான். நான் ஊர் மாட்டு டாக்டர்.

எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகளை ஏற்றுக்கொள்ளும் ஆசிரியை நாலாம் வகுப்பு வரை அவர்களை இழுத்துக்கொண்டு போவாள். கரையேற்றிவிட்டு மறுபடி ஒன்றாம் வகுப்புக்கு வருவாள். சைராகுல் இப்படிப் பல சுற்று சுற்றிவிட்டாள். வாய்ப்பாட்டைத் தூக்கத்திலும் சொல்வாள். ஏழாம் வாய்ப்பாடு வரும்போது போர்வை முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள், ஏனென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. "ஒரே பாட்டைப் பாடிப் பாடி அலுக்கலையா?" என்று ஒருமுறை கேட்டேன். "நீங்க தினம் ஒரே வாயாலதானே சாப்பிடுறீங்க, அலுத்துப்போச்சா?" என்றாள். பிறகு நான் கேட்கவில்லை. தன் வகுப்பில் ஒரு பிள்ளைகூடக் கொட்டாவி விட்டதில்லை என்பது அவளுடைய பெருமை. அவள் முன்னால் கொட்டாவி விட யாருக்குத் தைரியம் இருந்தது என்பதுதான் என் கேள்வி. அதையும் நான் கேட்கவில்லை.

அப்புறம்தான் புருல் வந்து சேர்ந்தாள்.

புருல் என்றால் திரும்பு என்று அர்த்தம். வரிசையாக மூன்று பெண்களுக்குப் பிறகு நாலாவதும் பெண்ணாகப் பிறக்கவே, இனிமேலாவது பையன் பக்கம் திரும்பட்டும் என்று அவள் அம்மா கென்ஜேகான் வைத்த பெயர். ஐந்தாவதும் பெண்தான் பிறந்தது, அது வேறு கதை. மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது புருலுக்கு வயது ஒன்பது. முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து, அதன் வழியாக விசில் அடிப்பாள். சைராகுல் கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் அவள் விடையோடு கையைக் கட்டி உட்கார்ந்திருப்பாள். மற்ற பிள்ளைகள் முடிக்க அரை மணி நேரமாகும். அவள் வம்பெல்லாம் அந்த அரை மணி நேரத்தில்தான்.

ஒருநாள் தன் கம்பளிக் காலுறையைப் பிரித்து, அந்த நூலால் முதல் வரிசைப் பிள்ளைகளின் கால்களை மேசைக்கால்களோடு சேர்த்துக் கட்டினாள். மணி அடித்ததும் எழுந்த வரிசை மொத்தமும் தரையில் கிடந்தது. இன்னொரு நாள் காய்ந்த தயிர்க்கட்டி ஒன்றை வகுப்பு அடுப்பின் மேல் வைத்து, எவ்வளவு நேரத்தில் நாறும் என்று பார்த்தாள். சீக்கிரமே நாறியது. பனி கொட்டும் ஜனவரியில் ஜன்னலையெல்லாம் திறந்து போட்டுப் பாடம் நடத்த வேண்டியதாயிற்று.

பிறகு வம்பு நின்றது, வயிற்றுவலி ஆரம்பித்தது. தினமும் காலையில் சுருண்டு படுத்துக்கொண்டாள். ஊருக்கு டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார் என்பதால் கென்ஜேகான் மகளை என்னிடம் இழுத்து வந்தாள். மாட்டு டாக்டரானாலும் டாக்டர்தானே. கன்றுக்குட்டியைப் பார்ப்பதுபோலவே நாக்கை நீட்டச் சொன்னேன், வயிற்றை அமுக்கினேன்.

"எப்ப வலிக்குது?"

"காலைல."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை வலிக்காது."

"கணக்கு வகுப்புல?"

"கணக்கு போடும்போது வலிக்காது. போட்டு முடிச்சப்புறம்தான் வலிக்கும்."

எனக்கு நோய் புரிந்துவிட்டது. நல்ல குதிரையை வேலை கொடுக்காமல் நாள்கணக்கில் கட்டிப் போட்டால் அது தீனித்தொட்டியின் கட்டையைக் கடிக்க ஆரம்பிக்கும். கூடவே காற்றையும் விழுங்கி வயிற்றை ஊத வைத்துக்கொள்ளும். சோம்பேறிக் குதிரைக்கு இந்தத் தொல்லை வராது. இதை அப்படியே வீட்டில் சொன்னேன். "என் வகுப்பு என்ன குதிரை லாயமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள் சைராகுல். எங்கள் ஊரில் டீக்கு உப்புதான் போடுவோம்; இரண்டு நாள் எனக்கு உப்பில்லாத டீதான் கிடைத்தது.

இதற்குள் தலைமை ஆசிரியர் நஸிர்தின் அகாய் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். ஆண் வாத்தியார் என்றால் எங்களுக்கு எஜே இல்லை, அகாய். நகரத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்றே ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறது, வசந்த விடுமுறைக்குப் பிறகு அங்கே ஓர் இடம் காலி, புருலை அனுப்பிவிடலாம் என்றார். பள்ளிக்குப் பெருமை, அவருக்குத் தலைவலி விட்டது. கென்ஜேகான் எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்து அழுதாள். கணவன் மந்தையோடு குளிர்காலக் கொட்டகையில் இருந்தான், கேட்க ஆளில்லை.

"தலை பின்னிக்கக்கூடத் தெரியாது எஜே அவளுக்கு. அங்க யாரு பின்னிவிடுவா? ஆனா அனுப்பாம இங்கயே வெச்சுப் பாழாக்கினேன்னு நாளைக்கு அவளே என்னைக் கேப்பாளே?"

"விடுமுறை வரைக்கும் என்கிட்ட விடு," என்றாள் சைராகுல். "நம்ம ஸ்கூலே அவளுக்குப் புடிக்கிற மாதிரி பண்றேன். என்னால முடியலன்னா போகட்டும்."

புருலைக் கேட்டோம். "அங்க போர் அடிக்காதா? அப்ப போறேன்," என்றாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை. சைராகுலுக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. முதல் வகுப்பில் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் இவள்தானே.

மறுநாளே வைத்தியம் தொடங்கியது. மற்றவர்களுக்கு ஐந்து கணக்கு என்றால் புருலுக்குப் பத்து. அவள் பத்தையும் முடித்துவிட்டு, "எஜே, சீக்கிரம் முடிச்சா தண்டனையா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் அவள் அவசரப்படவே இல்லை. எட்டுக்குக் காது வைத்தாள், ஒன்பதுக்கு வால் வரைந்தாள், நாலைச் சுற்றிப் பூப்போட்டாள். வகுப்பிலேயே கடைசியாக முடித்தாள். "பாத்தீங்களா, அடங்கிட்டா," என்று சைராகுல் என்னிடம் பெருமையடித்தாள். அந்த வாரம் வயிற்றுவலி சாயங்காலமும் வர ஆரம்பித்தது.

அடுத்த வைத்தியம், பின்வரிசைப் பிள்ளைகளுக்குப் புருல் சொல்லிக்கொடுப்பது. என்ன மாயமோ, வகுப்பு முழுவதும் முழு மதிப்பெண் வாங்கத் தொடங்கியது. பெருக்கல் என்றாலே மூக்கு ஒழுகும் சமத்கூட வாங்கினான். சைராகுல் பூரித்துப்போய்க் கடையில் மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தாள். அன்று திருத்தும்போதுதான் சந்தேகம் வந்தது. எல்லோருடைய கணக்கையும் புருலே போட்டிருக்கிறாள், அவரவர் கையெழுத்தில். சந்தேகம் வரக்கூடாது என்று நடுநடுவே சமத் செய்யும் தப்பைச் சமத்துக்கும், ஐனூரா செய்யும் தப்பை ஐனூராவுக்கும் போட்டு, உடனே அழித்துத் திருத்தியும் வைத்திருந்தாள். சைராகுல் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மிட்டாயை நான்தான் தின்றேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் வேறொரு தலைவலி. எங்கள் பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து சம்பந்திகள் முதல்முறையாக விருந்துக்கு வருகிறார்கள். ஆடு தயார். எலும்பு பங்கிடுவதுதான் பிரச்சினை. ஆட்டின் ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு தகுதி, ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு எலும்பு. இடுப்பெலும்பு இரண்டும் ஆகப் பெரியவர்களுக்கு, வால்பக்கம் மூத்த பெண்மணிக்கு, அப்புறம் தொடை, அப்புறம் தோள்பட்டை, இப்படிப் போகும். என் தம்பி வீட்டு விருந்தில் ஒரு தோள்பட்டையை ஆள் மாற்றி வைத்துவிட்டேன். அதை வாங்கியவர் இன்றைக்கும் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய் நடக்கிறார், அவருடைய பசுவுக்குப் பிரசவம் பார்த்தவன் நான்!

நான் புலம்புவதைக் கேட்டுக்கொண்டிருந்த சைராகுல், "இது என்ன பெரிய விஷயம், வெறும் கணக்குதானே," என்றாள். மறுநாள் புருலுக்கு அதையே கணக்காகக் கொடுத்தாள். இத்தனை விருந்தாளி, ஒரு ஆடு, பங்கிடு. ஒரு பாட வேளைக்குப் பெண் வாயைத் திறக்காமல் இருப்பாள் என்பதுதான் அவள் கணக்கு.

புருல் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். பை நிறைய விளையாட்டு எலும்புகள், பிள்ளைகள் சுண்டி விளையாடும் ஆட்டுக் கணுக்காலெலும்புகள். ஒவ்வொன்றும் ஒரு விருந்தாளி. கம்பளத்தில் அவற்றை வரிசையாக உட்கார வைத்தாள்.

"எஜே, சித்தப்பா முறை ஆகுறவரு, அண்ணன் மகனை விட வயசுல சின்னவரு. யாருக்குப் பெரிய எலும்பு? முறைக்கா, வயசுக்கா?"

"முறைக்குத்தான்," என்றாள் சைராகுல்.

"அப்ப மூணு மாசக் குழந்தை சித்தப்பாவா இருந்தா?"

சைராகுல் ஒரு எலும்பை எடுத்து இடம் மாற்றினாள், மறுபடி பழைய இடத்திலேயே வைத்தாள்.

"சம்பந்தி வீட்டு மருமகன் ஸ்கூல் ஹெட்மாஸ்டராம். அவருக்கு மருமகன் எலும்பா, ஹெட்மாஸ்டர் எலும்பா?"

"அதெல்லாம்... இரு, எனக்கே தெரியல."

எனக்குக் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று சந்தேகம். கல்யாணமான நாளிலிருந்து இந்த வாயிலிருந்து "தெரியல" என்ற சொல் வந்ததில்லை. புருலும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். விடை எஜேயிடம் இல்லாத ஒரு கணக்கு இந்த உலகத்தில் இருக்கிறது என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த வாரம் முழுவதும் இரண்டு பேரும் கம்பளத்தில் குப்புறப் படுத்து எலும்புகளை நகர்த்திச் சண்டை போட்டார்கள். "அது எப்படி எஜே?" "போடி, உனக்குப் புரியல!" "உங்களுக்குத்தான் புரியல!" என் ராத்திரிச் சாப்பாடு மூன்று முறை கருகியது. வயிற்றுவலி என்ற பேச்சே இல்லை, என் வயிற்றைத் தவிர.

புருல் வீடு வீடாகப் போய் ஒவ்வொருவரும் எந்த வருஷத்தில் பிறந்தார்கள் என்று கேட்டு வந்தாள். எங்கள் ஆட்களுக்குப் பிறந்த தேதி மறந்தாலும் மிருகம் மறக்காது. ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மிருகத்தின் பெயர்; ஆடு, குரங்கு, கோழி, நாய் என்று வருஷங்கள் அந்த வரிசையில் வரும். எங்கள் பக்கத்தில் மூத்தவர் கல்முர்சா பெரியப்பா. ஆட்டு வருஷத்தில் பிறந்தவர் என்று அவரே சொல்வார், எல்லா விருந்திலும் இடுப்பெலும்பு அவருக்குத்தான். அடுத்தவர் தாஷ்தான், குரங்கு வருஷம், ஒரு வயது சின்னவர், அதிகம் பேசாதவர். ஆனால் கல்முர்சாவின் தங்கை, டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, தான் நாய் வருஷம் என்றும் அண்ணனுக்கும் தனக்கும் ஒரே வருஷம்தான் வித்தியாசம் என்றும் புருலிடம் சொல்லிவிட்டாள். அப்படியென்றால் பெரியப்பா கோழி வருஷம். தாஷ்தானுக்கு இளையவர்! இரண்டு வயதைத் தானே கூட்டிக்கொண்டு இத்தனை வருஷம் இடுப்பெலும்பு தின்றிருக்கிறார்.

இதை ஆசிரியையும் மாணவியும் கண்டுபிடித்துத் துள்ளிக் குதித்தார்கள். சந்தோஷத்தில் என்னிடம் காரணத்தைச் சொல்ல மறந்துவிட்டார்கள். வரிசையை மட்டும் சொன்னார்கள்.

விருந்தன்று தட்டு வந்தது. முதல் இடுப்பெலும்பைச் சம்பந்திக்கு வைத்தேன். இரண்டாவதைக் கையில் எடுத்துக்கொண்டு சைராகுலைப் பார்த்தேன். அவள் தாஷ்தான் பக்கம் தாடையை ஆட்டினாள். பெண்டாட்டி பேச்சைக் கேட்பவன் நான், வைத்துவிட்டேன். கல்முர்சா பெரியப்பா முன்னால் தொடையெலும்பு போய் உட்கார்ந்தது.

"என்னடா இது?" என்றார் பெரியப்பா. "நான் என்ன உன் வீட்டு மருமகனா? எனக்கு மூத்தவன் எவன்டா இங்க?"

வாசலில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த புருல் எழுந்தாள். கரும்பலகை முன்னால் நின்று சொல்வதுபோல, கணீரென்று, படிப்படியாக விளக்கினாள். நாய் வருஷம், ஒன்று கழித்தால் கோழி, அதற்கு முந்தியது குரங்கு. ஆகவே தாஷ்தான் தாத்தாதான் மூத்தவர். சம்பந்தி டீக்கிண்ணத்துக்குள் முகத்தை விட்டுக்கொண்டு இருமினார். பெரியப்பாவின் காது சிவந்தது. அவர் தொப்பியைத் தேடினார். எனக்கு அடுப்புக்குள் ஒளிந்துகொள்ளலாம்போல் இருந்தது.

அப்போதுதான் தாஷ்தான் வாயைத் திறந்தார்.

"எனக்குத் தெரியுமே. ஸ்கூல்ல இவன் எனக்கு ஒரு வகுப்புக் கீழ. அவனுக்குக் கறின்னா உசுரு. எனக்குப் பல்லும் கிடையாது, மூத்தவன்னு சொல்லிக்கிற ஆசையும் கிடையாது. இந்தாடா, உக்காரு."

தன் எலும்பை எடுத்து நண்பர் முன்னால் வைத்துவிட்டு, தொடையெலும்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பெரியப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனால் எலும்பை விடவில்லை. சம்பந்தி வெடித்துச் சிரித்தார், அதோடு வீடே சிரித்தது.

புருல் மட்டும் சிரிக்கவில்லை. சமையலறைக்கு வந்து சைராகுலின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எஜே, நம்ம கணக்கு சரிதானே?"

"சரிதான்டி."

"அப்புறம் ஏன் தாஷ்தான் தாத்தா மாத்திக் குடுத்தாரு? தெரிஞ்சும் இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

சைராகுல் ஏதோ சொல்லப் போனாள். "தெரியல. யோசிச்சுச் சொல்றேன்," என்று முடித்தாள்.

திங்கட்கிழமை காலையில் பள்ளிக் கதவு திறப்பதற்கு முன்னாலேயே புருல் பனியில் நின்றுகொண்டிருந்தாளாம். "யோசிச்சீங்களா எஜே?" மணி அடிக்கும் வரை இருவரும் வாதாடினார்களாம். அதன்பிறகு சைராகுல் வகுப்புக்கு விடை தெரியாத கேள்வியாகத் தேடிக்கொண்டு போக ஆரம்பித்தாள். பனி விழுவதற்கு முன்னால் புகை ஏன் கீழே இறங்குகிறது? ஆடு தன் குட்டியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? என்னையும் விடவில்லை, இரண்டு முறை வகுப்பில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். இரண்டு முறையும் நான் தோற்றேன். சமத் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, தானே பயந்துபோனான்.

ஆனால் நஸிர்தின் அகாய் மறக்கவில்லை. நகரத்தில் எல்லாம் பேசி முடித்துவிட்டார். நாள் நெருங்க நெருங்க, சைராகுல் மறுத்துச் சண்டை போடுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் போடவில்லை.

"அந்த ஸ்கூல்ல ஆய்வுக்கூடம் இருக்குதாம். நல்ல வாத்தியாருங்க இருக்காங்களாம். என் பெருமைக்காக அவளை இங்க புடிச்சு வெச்சுக்கலாமா?" என்றாள் திடமாக. பிறகு ஆட்டுக்கொட்டிலுக்குப் போய் வெகுநேரம் இருந்தாள். ஆடுகளுக்கு ஒன்றுமில்லை என்று மாட்டு டாக்டரான எனக்குத் தெரியாதா? கண் சிவந்து திரும்பி வந்தாள். அன்று எனக்கு அவளைக் கேலி செய்ய மனம் வரவில்லை.

விடுமுறை முடிந்து, புருல் கிளம்ப வேண்டிய நாள். அகாயின் கார் குளிரில் கிளம்பவில்லை, அதனால் என் ஜீப்பில்தான் பயணம். எஞ்சினை அணைத்தால் அதுவும் மக்கர் செய்யும் என்று ஓடவிட்டுவிட்டு வகுப்பு வாசலுக்கு வந்தேன். கென்ஜேகான் ஜீப்பின் அருகே பெட்டியோடு நின்றிருந்தாள். மகளுக்கு இறுக்கமாக நான்கு பின்னல் பின்னிவிட்டிருந்தாள், ஒரு மாதம் அவிழாதபடி. வகுப்பில் சைராகுல் கரும்பலகையோரம் நிமிர்ந்து நின்றிருந்தாள்.

"கிளம்பலாமா புருல்?" என்றார் அகாய்.

"நான் வரல அகாய்."

"ஏம்மா? இங்கதான் உனக்குப் போர் அடிக்குதே?"

"இப்பவும் அடிக்குது. வாய்ப்பாடு சொல்றப்பல்லாம் அடிக்குது."

"அப்புறம் என்ன? அங்க அடிக்காதும்மா."

"எனக்கு அடிக்காது. எஜேக்கு?" என்றாள் புருல். "நான் போயிட்டா எஜே பழையபடி ஜன்னலையே பாத்துட்டு நிப்பாங்க."

சைராகுலின் முகம் குப்பென்று சிவந்தது. "யாருடி ஜன்னலைப் பாத்தது?"

வகுப்பு மொத்தமும், சமத் உட்பட, ஒரே குரலில் சொன்னது: "நீங்கதான் எஜே!"

சைராகுல் அதட்ட வாயெடுத்தாள். அதட்டல் வரவில்லை. சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. பிள்ளைகள் முன்னால் அழுதுவிட்டோமே என்று சாக்பீஸ் கையாலேயே முகத்தைத் துடைத்து, கன்னமெல்லாம் வெள்ளையாக்கிக்கொண்டாள். அகாய் என்னைப் பார்த்தார். நான் வெளியே போய் கென்ஜேகானிடமிருந்து பெட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஜீப்பை அணைத்தேன்.